அளக்காமல் விட்ட சரிவு

6 ஜனவரி 1999, புதன்

இன்று இரண்டு சதுரம் முடிந்தது. பதினைந்து, பதினாறு. இருபது மீட்டருக்கு இருபது மீட்டர் கயிறு கட்டி, உள்ளே நிற்கிற ஒவ்வொரு மரத்தையும் நெஞ்சளவு உயரத்தில் டேப்பால் சுற்றி அளக்க வேண்டும். டேப்பின் மறுமுனை பாப்பாத்தி அக்காவிடம். கொல்லிமலையின் பைல் நாட்டுக்காரர், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், வாய் ஓயாது. நான் நோன்போடு மலை ஏறுவதைப் பார்த்து, “உக்காரு கண்ணு, மரம் எங்கயும் ஓடிப்போவாது” என்று நிமிடத்துக்கு ஒரு தரம் சொல்கிறார்.

சுற்றளவு தெரிந்தால் மரத்தின் எடையைக் கணக்கிடலாம். அந்த எடையை, செயற்கைக்கோள் படத்தில் அதே இடம் காட்டும் பச்சையோடு பொருத்திவிட்டால், மலை முழுவதும் எத்தனை டன் மரம் என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். என் முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் அர்த்தனாரி சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. கால் வலிக்கிறது.

8 ஜனவரி

பதினேழாம் சதுரம் கடுக்காய்ச் சரிவின் அடியில். மேலே நின்று எட்டிப் பார்த்தேன். வெறும் புதர். இறங்கி ஏறினால் மூன்று மணி பஸ் போய்விடும், வீட்டில் நோன்பு திறக்க முடியாது. அக்கா சொன்னார்: “மேலதான் பொதரு கண்ணு. கீழ ஒவ்வொரு கடுக்கா மரமும் ரெண்டாளு சேந்து கட்டிப்புடிக்கோணும். நாளைக்கு வெள்ளன வா, அளந்துபோடலாம்.” சரி என்றேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து, பதினாறின் எண்களையே கொஞ்சம் குறைத்துப் பதினேழு என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். பக்கத்தின் அடியில் வழக்கம்போல் ‘டேப் பிடித்தவர்: பாப்பாத்தி’.

நோன்பின் மீது பழி போடாதே, தஸ்னீம். சோம்பல்.

9 ஜனவரி

போகவில்லை.

27 ஏப்ரல் 1999

படம் வந்தது. மார்ச் மாதத்துப் படம். மழைக்காலத்தில் கொல்லிமலை மேகத்துக்குள் இருக்கும், படம் எடுத்தும் பயனில்லை. கடுக்காய்ச் சரிவு வெளிறிக் கிடக்கிறது. என் பொய்க் கணக்கும் படமும் அச்சாகப் பொருந்துகின்றன! “பிரமாதம்மா” என்றார் அர்த்தனாரி சார்.

அந்த மரங்கள் மாசியில் இலையெல்லாம் உதிர்த்து நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? பச்சைதான் இல்லை, மரம் இருக்கிறது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

11 நவம்பர் 2000

டாக்டர் தஸ்னீம். அத்தா தெருவுக்கே பிரியாணி போட்டார்.

3 செப்டம்பர் 2001

அத்தாவின் இரும்புக் கடைக்கு அக்காவின் கணவர் சென்றாயன் வந்தார். “ஏனுங்க பாய், பாப்பா இருக்குதுங்களா?”

என் ஆய்வு வரைபடத்தில் ‘மரம் குறைவு’ என்று மஞ்சள் பூசிய இடங்களை வனத்துறை அலுவலகத்தார் வெட்டிச் சுத்தம் செய்து, சில்வர் ஓக் நடுகிறார்களாம். கடுக்காய்ச் சரிவில் கால்வாசி விழுந்துவிட்டது. ஊரார் போய்க் கேட்டதற்கு என் குறிப்பேட்டின் நகலைக் காட்டியிருக்கிறார்கள். ‘டேப் பிடித்தது உங்கள் ஊர் பாப்பாத்திதானே?’ என்றார்களாம்.

“நாங்க கீழ எறங்கவே இல்லைங்கறா. யாருங்க நம்புறாங்க? நோம்பிக்கு எங்க ஊட்டு வரிய வாங்க மாட்டேனுட்டாங்க. தண்ணிக்குப் போனாக்கூட அவகிட்ட ஒருத்தரும் பேசறதில்லீங்க.”

கோயில் திருவிழாவுக்கு வரி வாங்கவில்லை என்றால் அந்தக் குடும்பம் ஊரிலேயே இல்லை என்று அர்த்தம். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை அக்காவை அல்லவா சுட்டிருக்கிறது.

“எழுதுனது நீங்கதானுங்களே. வந்து ஒரு வார்த்த சொல்லுங்க.” நாளைக்கே வருகிறேன் என்றேன்.

4 செப்டம்பர்

போகவில்லை. சொன்னால் பட்டம் போய்விடும். அத்தா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ‘எம் பொண்ணு டாக்டரு’ என்கிறார்.

20 செப்டம்பர்

இன்னும் வெட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். நீயெல்லாம் என்னடி மனுஷி?

30 அக்டோபர் 2001

போனேன். அர்த்தனாரி சாருக்கும் வனத்துறை அலுவலகத்துக்கும் உண்மையை எழுதித் தபாலில் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ஊர்க்கூட்டத்தில் எழுந்து, “அந்தப் பக்கத்த நான் பஸ்ல உக்காந்து எழுதினேன். அக்கா அங்க டேப்பே புடிக்கல” என்றேன். ஊர்க்கவுண்டர் சென்றாயனைப் பார்த்து, “நாளைக்கு வரியக் கொண்டாந்து குடப்பா” என்றார். என்னை ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பஸ் வரை அக்கா கூட வந்தார். “அவரு வந்து சொன்னன்னிக்கே வந்திருந்தீன்னா பாதி மரமாச்சும் நின்னிருக்கும். ரெண்டு மாசம் என்ன பண்ணுன, கண்ணு?”

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

9 பிப்ரவரி 2003

பல்கலைக்கழகம் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஏழு மாதம் ஆகிறது. அத்தா அதைப் பற்றிப் பேசுவதில்லை. கடையில் ஆணி நிறுத்துப் போடுகிறேன். மலையில் வெட்டுவது நின்றுவிட்டது, மிஞ்சிய மரங்கள் கொஞ்சம்தான்.

இன்று சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் பாப்பாத்தி அக்கா. ஊர்ப் பெண்கள் நான்கைந்து பேர் நடுவே ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். பார்க்கவே நிம்மதியாக இருந்தது. பஸ்ஸின் மேலிருந்து அவருடைய கடுக்காய் மூட்டையை இறக்கினார்கள். ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தேன்.

மூட்டையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முகத்தில் கோபம்கூட இல்லை.

“பரவாயில்லீங்க மேடம், நாங்க பாத்துக்கறோம்.”