ஓடைப் பக்கத்துப் பாதி

அன்புத் தோழிக்கு,

உன் வழக்கின் தீர்ப்புக்கு இன்று இன்னொரு நகல் எடுத்தேன். மலையில் யாரோ கேட்டிருக்கிறார்கள். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் தாள்கள் சூடாக வெளியே வந்தன. அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய். சூட்டோடு வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொள்வாயே, "காசில்லாத ஒத்தடம்டி" என்று. நானும் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

போளூரில் வக்கீல்களான நம் இருவருக்கும் ஒரே அறை, இரண்டு மேசை. ஞாயிறானால் மலைமேல் ஜமுனாமரத்தூர் டீக்கடையில் உன் கச்சேரி. அந்த வாரம் வந்த தீர்ப்புகளை ஊர்வம்பு போலச் சொல்வாய். செக் திரும்பி வந்த கதை, லாரி மோதியவருக்கு இழப்பீடு கிடைத்த கதை, ஜீவனாம்சம் தராமல் ஏய்த்த புருஷன் மாட்டிக்கொண்ட கதை. நடுவில் நான் சட்டப் பிரிவின் எண்ணைச் சொன்னால், "வந்துட்டா பஞ்சாங்கம்" என்று என் வாயை அடைப்பாய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அப்பா சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்ற தீர்ப்பைச் சொன்ன அன்றுதான் நீ மாட்டிக்கொண்டாய். ஒரு அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அது கீழ்நாட்டுப் பொண்ணுங்களுக்கு. எங்களுக்கு இன்னா?"

அந்தச் சட்டம் பழங்குடிகளுக்குப் பொருந்தாது. மலையில் வழக்கம்தான் சட்டம். மலைப்பெண்ணான உனக்கும் உன் அப்பா நிலத்தில் பங்கில்லை. போளூர் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கியதும் சொன்னாய்: "என் வூட்லேர்ந்தே ஆரம்பிக்கலாம். கேஸ் போடு."

"மாப்ள வூட்ல பரியப் பணம் வாங்கித்தான கட்டிக் குடுத்தோம், இன்னும் இன்னா பங்கு?" என்றார் உன் அண்ணன். ஆனால் மலையிலிருந்து காலையில் இருப்பது ஒரே பஸ். வாய்தாவுக்கு முந்தின நாளே நீ மலைக்குப் போய்த் தங்கிவிடுவாய்; காலையில் நீயும் அவரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் வந்து இறங்குவீர்கள். மதியம் நம் அறையில் அவர் கட்டிக்கொண்டு வந்த சாமைச் சோற்றை இருவரும் தின்பீர்கள். எதிர்க்கட்சியோடு என்னடி விருந்து என்று நான் பல்லைக் கடித்தால், "சண்ட மண்ணுக்கு, சோத்துக்கு இல்ல" என்பாய்.

கீழ்க்கோர்ட்டில் தோற்றோம். மேல்முறையீடு சென்னையில் தூங்கிக்கொண்டிருந்தபோது நீ படுக்கையில் விழுந்தாய். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோதெல்லாம் "நம்ம கேஸ் லிஸ்ட்ல வந்துச்சா?" என்றுதான் கேட்டாய். வரவில்லை என்றே ஒவ்வொரு முறையும் சொல்லும்படி ஆனது. நீ போனபின் உன் இடத்தில் உன் மகளை வாரிசாகச் சேர்த்தேன். அந்த மனுவில் உன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று தட்ட எனக்குக் கை வரவில்லை. குமாஸ்தாதான் தட்டினார்.

பிறகு வேறொரு மாநிலத்துப் பழங்குடிப் பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி திறந்துவிட்டது. பெண்ணுக்குப் பங்கில்லை என்ற வழக்கத்தை நிரூபிக்காதவரை அவளுக்கும் சம பங்கு உண்டு என்றது. உன் அண்ணன் தரப்பால் அப்படி ஒரு வழக்கத்தை நிரூபிக்க முடியவில்லை; உன் வழக்கும் ஜெயித்தது. பாதி நிலம் உனக்கு.

உன் அண்ணனிடம் சொல்ல நானே போனேன். வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"பாதின்னா எந்தப் பாதி, வக்கீலம்மா?"

"பங்கு பிரிக்கிறப்ப பேசிக்கலாங்க. உங்க தங்கச்சி மவ சொல்லுவா."

"அது கீழ வளந்த புள்ள, அதுக்கு இன்னா தெரியும்? ஓட பக்கந்தான் தண்ணி நிக்கும். அத எழுதிக்குங்க." இன்னொரு புளியை எடுத்துக் கொட்டையைப் பிதுக்கினார். "அவ இருந்திருந்தா சண்ட போட்டு இதத்தான் கேட்டிருப்பா."

ஜெயித்த கட்சியின் வக்கீல் நான். அவர் வாசலில் உட்கார்ந்து அழுதேன். அவரும் அழுதார். அந்த நேரத்தில் நீ எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தாய்.

இப்போது ஞாயிறுகளில் அந்த டீக்கடைக்கு நான் போகிறேன். உன்னளவு பேச்சு எனக்கு வராது. எண்களும் இடையில் வந்து விழுகின்றன. யாராவது எங்களுக்கு இன்னா என்று கேட்டால் உன் வழக்கைச் சொல்கிறேன். அவள் ஜெயித்தாள் என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிடுகிறேன். 'ஆனால்' என்று இழுப்பதில்லை. அந்த 'ஆனால்' பஸ்ஸில் பக்கத்து சீட்டில் என்னோடு போளூர் வரை வருகிறது.