எலிக்குக் கொடுத்த ஓய்வு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் சௌக்கியம், நீ சௌக்கியமா என்று தொடங்கினால் முதல் பாதி பொய்யாகிவிடும், அதனால் நீ சௌக்கியமாக இரு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். உன் அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார், இன்றோடு ஆறு நாள். பதறாதே, கண்டம் தாண்டிவிட்டது, சிறுநீரகம் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார் அப்பா. கடிதத்துக்குச் சத்தியம் வாங்கவில்லை. எனக்கும் இதுவே வசதி, போனில் நான் திட்ட ஆரம்பித்ததும் நீ விளக்கம் சொல்ல ஆரம்பிப்பாய், இங்கே நான் முடிக்கும்வரை நீ வாயைத் திறக்க முடியாது.

மூன்று மாதத்துக்கு முன் அடிகளை எண்ணி உன் போனுக்கும் கணக்கு அனுப்பும் அந்தக் கடிகாரத்தை அனுப்பிவிட்டுப் போனில் ஒரு பாடம் நடத்தினாயே, நினைவிருக்கிறதா? "உடற்பயிற்சி பண்ணும்போது செல்லுக்கு ஒரு சின்ன நெருக்கடி வருதுப்பா, அதைச் சமாளிக்கத்தான் செல் தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்கக் கத்துக்குது, முன்னைவிடப் பலமாயிடுது" என்றாய். ஆராய்ச்சிக்காக எலிகளை ஓடவிட்டு அவற்றின் தசையைப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறவள் சொன்னால் வேத வாக்குதானே. அதுவும் யாரிடம் சொன்னாய், முப்பத்திரண்டு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவரிடம். "லிப்ட்டுக்கும் இதேதான்டி, கூடுதல் பாரம் ஏத்திப் பார்த்தாத்தான் நம்ப முடியும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு மறுநாளே மாடிப்படி ஏறக் கிளம்பிவிட்டார். முதலில் மூன்று மாடி, பிறகு ஆறு மாடி, பிறகு இரண்டு கையிலும் தண்ணீர் கேனோடு ஆறு மாடி. லிப்ட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதானே பாரம் ஏற்றுவீர்கள், நீங்கள் தினமும் நாலு தடவை ஏறுகிறீர்களே என்று கேட்டதற்கு எனக்கு விஞ்ஞானம் தெரியாதாம். இத்தனையும் பேசுகிற நான்தான் கீழே நின்று அந்தக் கேன்களை நிரப்பிக் கொடுத்தேன். அந்தக் கோபம் தனியாக இருக்கிறது.

போன வாரம் பேன்ட் போடக் காலைத் தூக்க முடியவில்லை அவரால். தொடை கல்லாக வீங்கியிருந்தது. சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போய் இரண்டு நாள் ஆகியிருக்கிறது, என்னிடம் சொல்லாமல் தண்ணீர் ஊற்றி மறைத்திருக்கிறார். தசை உடைந்து, அந்தக் கழிவெல்லாம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தை அடைத்துவிட்டது என்றார் டாக்டர். "செல்லுக்கு அடி விழறது தப்பில்லம்மா, அது ஆற விடாம மறுபடி மறுபடி அடிச்சதுதான் தப்பு. ரிப்பேர் நடக்கிறதே ஓய்வுலதான்" என்றார். இதை ஏன் நீ சொல்லவில்லை? உன் எலிகளுக்கு ஓய்வு நாள் உண்டா இல்லையா? உண்டு என்று நீயே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாய். எலிக்குக் கொடுத்த ஓய்வை அப்பாவுக்குச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. கணக்கு ஏற ஏறக் கைதட்டும் படம்தான் அனுப்பினாய், எட்டாயிரம் அடிக்கு ஒரு கை, பத்தாயிரத்துக்கு மூன்று கை. மூன்று கை வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார் மனுஷன். நீ ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் பேசுகிறாய், அதில் பாதி என்னோடு போய்விடும். கை மட்டும்தான் அவருக்குத் தினமும் வந்தது. அதற்காகத்தான் ஏறினார் என்று இப்போது புரிகிறது.

இன்னும் கேள். சேர்த்த மறுநாள் கடிகாரம் என் பையில் கிடந்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் உன் செய்தி வருகிறது, "என்னப்பா நேத்து பூஜ்யம், சோம்பலா" என்று. அதைப் படித்துவிட்டுக் கடிகாரத்தைக் கட்டச் சொல்லி, நான் இட்லி வாங்கப் போன நேரம் பார்த்து, டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் நடந்திருக்கிறார். நானூறு அடி. நர்ஸ் பிடித்துவந்து படுக்க வைத்து என்னையும் சேர்த்து வறுத்தெடுத்தாள். அப்போதும் அவர் கேட்டது ஒன்றுதான், "பூஜ்யத்தைப் பார்த்தா அவ பயந்துடுவா, நீ கட்டிக்கோ." அவர் எழுந்திருக்காமல் இருந்தால் போதும் என்று கட்டிக்கொண்டேன். நேற்று ஒன்பதாயிரத்துச் சொச்சம் அடி, "சூப்பர்ப்பா" என்று அனுப்பியிருந்தாய். அது வார்டுக்கும் மருந்துக் கடைக்கும் ரத்தப் பரிசோதனை அறைக்கும் நான் அலைந்த கணக்கு. தையல் மிஷினைத் தொட்டு ஆறு நாள் ஆகிறது.

இப்போது நீ செய்ய வேண்டியது. ஆறு வாரம் வீட்டுக்குள் மெதுவாக நடப்பதோடு சரி, இன்னொரு தடவை இப்படி ஆனால் மிஷினில்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரோ வீட்டுக்குப் போனதும் இரண்டு மாடியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்கிறார். என் பேச்சு எடுபடாது, டாக்டர் பேச்சும் எடுபடாது. பாதி சொன்னவள் நீ, மீதியையும் நீதான் சொல்ல வேண்டும். தினமும் போன் செய்து அவரோடு பேசு, எத்தனை அடி என்று கேட்காமல் பேசு.

கண் குளிரத் தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, நீண்ட ஆயுளோடு இரு. கோபத்தில் வந்தாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான். தபால் பெட்டியில் இதைப் போட்டதும் கடிகாரத்தைக் கழற்றிவிடப் போகிறேன். நாளையிலிருந்து உனக்குப் பூஜ்யம்தான் வரும். கடிதம் வந்து சேரும் முன்பே அதைப் பார்த்துப் பயந்து நீ கூப்பிடுவாய் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
நான்கு நாளாக உன் கைதட்டலை வாங்கிக்கொண்டிருக்கும்
அம்மா