மிஸ் ஐயோனி வீட்டைச் சுற்றிப் போன கோடு

அன்பு மகள் நோர்டியாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம், டொராண்டோ குளிரில் உனக்கு நெஞ்சுச்சளி விட்டதா, இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துக் குடி. எங்களுக்கு உடம்பு தேவலை, மனசுதான் சரியில்லை, காரணம் உன் எவர்ட்டன் மாமா. அவனைக் கூடப் பிறந்தவன் என்று சொல்லவே வாய் கூசுகிறது.

புயலில் போன ஓடைப் பாலத்தைக் கட்டித் தருகிறேன் என்று சொல்லித்தானே கவுன்சிலர் ஆனான். பிள்ளைகள் இன்னும் பையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கித்தான் பள்ளிக்கூடம் போகின்றன. போன மாதம் பேர்லுடைய கடைசிப் பெண்ணை ஓடை இழுத்தே விட்டது, அப்பா பாய்ந்து சடையைப் பிடித்துத் தூக்கினார். அதைப் பார்த்த பிறகுதான் நம் பக்கத்து வீட்டு மிஸ் ஐயோனி, தபாலாபீஸ்காரி, இந்தத் தடவை நான் நிக்கிறேன், பாலம் கட்டாம விடமாட்டேன் என்றாள். ஊரே அவள் பக்கம் சாய்ந்தது. அந்த நேரம் பார்த்து வட்டார எல்லையை மாற்றுகிறோம் என்று வரைபடத்தைக் கொண்டுவந்து சர்ச் கதவில் ஒட்டினார்கள். கோடு ரோட்டோடு நேராக வருகிறது, மிஸ் ஐயோனி வாசலில் மட்டும் மேலே ஏறி, அவள் பன்றித் தொழுவத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி ரோட்டுக்கு இறங்குகிறது. அவளும் நாமும் ஒரே முற்றம் என்பதால் நாமும் மலைக்கு அந்தப்புறத்து வட்டாரம். வெளி வட்டாரத்தாளுக்கு நம் ஜனம் ஓட்டுப் போடாது என்று அவனுக்குத் தெரியும். அதற்கு முந்தின ஞாயிறுதான் என் கையால் ஆட்டுக்கறி வாங்கித் தட்டை வழித்துத் தின்றான், எல்லைய மாத்தப் போறாங்களாமேடா என்று கேட்டதற்கு, அதெல்லாம் மேலிடத்து வேலை அக்கா, எனக்கென்ன தெரியும் என்று உட்கார்ந்து பல் குத்தினான். சீ!

சர்ச் வாசலில் எல்லார் முன்னாலும் பிடித்துக் கேட்டேன். ஒரு கோடுதானேக்கா, உன் வீடு நகந்தா போச்சு என்று சிரிக்கிறான், பாஸ்டரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறார். கோட்ட எதுக்குடா தொழுவத்தச் சுத்திப் போட்ட, பன்னி இங்கதானே நிக்குது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இனிச் சொல்வதைக் கோபப்படாமல் படி. ரோட்டுக்குக் கீழே நீ கட்டிவரும் வீடு இன்னும் அவன் வட்டாரத்துக்குள்தான் இருக்கிறது, அவசரத்தில் அதைக் கவனிக்கவில்லை மடையன். சனிக்கிழமை மிஸ் ஐயோனி கட்டிலும் கோழிகளுமாக அங்கே குடிபோய்விட்டாள். உன்னைக் கேட்காமல் சாவியைக் கொடுத்தது நான்தான். மாமா வந்து, ரத்த சம்பந்தத்தையே அறுத்துட்டியேக்கா என்று கத்தினான், பேனாவால அறுத்தவன் நீ, போடா என்றேன். கிறிஸ்துமஸுக்கு நீ வந்தால் எங்களோடுதான் படுக்க வேண்டும், அந்த வீட்டின் மீதிப் பாதிக் கூரைக்குத் தகரம் வாங்க மறந்துவிடாதே. கர்த்தர் உன்னையும் உன் வேலையையும் காக்கட்டும், குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ.

மிஸ் ஐயோனி வாடகை எவ்வளவு என்று கேட்டாள். பாலம் என்று சொல்லிவிட்டேன்.

உன் மேல் உயிரான அம்மா,
கிளாரிஸ்