கடைசி அணியின் முதல் தெரிவு

என் பிரியத்துக்குரிய றெஜி அண்ணை,

முதலில் நல்ல செய்தி. சில்க்போர்க்கில் நம் உதைபந்தாட்ட அணி இந்த வருடம் மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றுவிட்டது. நீங்கள் முகாமையாளராக இருந்த கடைசி மூன்று வருடமும் நாம்தான் கடைசி. அதற்கு நீங்களும் ஒரு காரணம். நாற்பத்தைந்து வயது நண்பர்களைப் பின்வரிசையில் நிறுத்தினால் வேறு என்ன நடக்கும்? இதை உங்கள் முகத்துக்கு நேரே சொன்னபோதும் சிரித்துவிட்டு, அதே நால்வரைத்தான் மறுபடி இறக்கினீர்கள்.

முந்தைய வருடம் கடைசியாக வந்த அணிதான் புதுப் பொடியன்களில் ஒருவனை முதலில் தெரிந்தெடுக்கலாம் என்ற விதியை, அமெரிக்க உதைபந்தாட்டத்தைப் பார்த்து டென்மார்க்கில் உள்ள நம் தமிழ் அணிகளுக்குக் கொண்டுவந்தவரும் நீங்கள்தான். நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுப்பவனை 'குவாட்டர்பேக்' என்றே கூப்பிடுவீர்கள். நமக்கு இல்லாமல் இருந்ததும் அப்படி ஒருவன்தான். பங்குனியில் முதல் தெரிவு நமக்கு வந்தது. நீங்கள் இல்லை. பட்டியலில் உங்கள் மகன் மரியன் இருந்தான்.

தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து, மண்டபத்தில் ரோல்ஸும் தேத்தண்ணியுமாகக் கூட்டம். விளையாடாதவர்கள்தான் கூடுதலாகக் கதைத்தார்கள்.

"இதில யோசிக்க என்ன கிடக்கு?" என்றார் அன்ரன் மாமா. ஒவ்வொரு ஆட்டத்திலும் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவாரே, அவர்தான். "றெஜியின்ர மகனை விட்டிட்டு வேற ஆரை எடுக்கிறது?"

எல்லோரும் ஓம் என்றார்கள். ஒருவரும் அவனுடைய ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானோ குளிர்காலம் முழுக்க அந்தப் பொடியன்களின் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறிப்பெடுத்தவன். தொழிற்சாலையில் இயந்திரம் ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதானே என் வேலை.

"மரியன் வேண்டாம்," என்றேன். "ஆள் கிட்ட வந்தா பந்தைப் பின்னுக்குத் தட்டுறான். கிரின்ஸ்டெட்டில இருக்கிற யோயலை எடுப்பம்."

"டேய் கிளமென்ற், மனுசன் போய் ஆறு மாதம் ஆகேல்லை. உனக்கு நெஞ்சு இருக்கிற இடத்தில கொம்பியூட்டரோ?"

"மாமா, இது அஞ்சலிக் கூட்டம் இல்லை."

சொன்ன பிறகுதான் கதவடியில் மரியன் நிற்பதைக் கண்டேன்.

"அவர் சரியாத்தான் சொல்றார்," என்றான். "பாவம் எண்டு எடுத்தா நான் வரமாட்டன். என்னைப் பாக்கேக்க எல்லாரும் அப்பாவைத்தான் பாக்கிறீங்கள்." பிறகு டேனிஷில் சொன்னான்: "நான் நினைவுக்கல் இல்லை."

"அப்ப ஆரோட விளையாடப் போறாய்?" என்றார் அன்ரன் மாமா.

"என்ர ஆட்டத்தைப் பாத்து ஆர் கேக்கினமோ, அவையோட."

நாம் யோயலை எடுத்தோம்; மரியனை விபோர்க் அணி கேட்டது. அவனை நடுவில் விடாமல் வலது ஓரத்தில் ஓடவிட்டார்கள். அண்ணை, என்ன ஓட்டம் அது! என் குறிப்புகளில் அது இல்லவே இல்லை. நடுவில் மட்டும் தேடியது என் பிழை.

அவனுக்கு இன்னும் கார் ஓட்ட அனுமதி கிடைக்கவில்லை. புதன்கிழமைகளில் விபோர்க் பயிற்சிக்கு நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். எதிரணிக்குச் சாரதி என்று அன்ரன் மாமா நக்கலடிக்கிறார். போன கிழமை அண்ணி தொலைபேசி எடுத்தார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"தம்பி, நேற்று நீ கொண்டுவந்து விட்ட பிறகு, மரியன் என்னோட மேசையில இருந்து ஒரு மணித்தியாலம் கதைச்சவன்," என்றார். "அவர் போன பிறகு இப்பதான்."

நீங்கள் இருந்திருந்தால் யாரை எடுத்திருப்பீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

வரும் ஞாயிறு நமக்கும் விபோர்க்குக்கும் ஆட்டம். நான் இடது பின்வரிசை; அவன் நேரே என்னை நோக்கித்தான் வருவான். அன்றைக்கும் அவன் என் காரில்தான் வருவான். இறங்கிய பிறகு பந்தைப் பறிக்க என்னால் முடிந்த அத்தனையும் செய்வேன். உங்கள் மகன் என்று ஒரு அடிகூட விலக மாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்களோடு இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும் தம்பி,
கிளமென்ற்