சட்டைப் பையில் பியூஸ் கட்டைகள்

வியாழன், இரவு

இறால் பண்ணையில் வாவித் தண்ணீர் இறைக்கும் பம்பை இன்று கழற்றினேன். வழக்கம்போல பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவை என்னிடம் இருந்தால் பம்ப் ஓடாது. மூடியைத் திறந்து, விசிறியில் சுற்றிய பாசியை இழுத்துக்கொண்டிருந்தேன். கத்தி எடுக்கக் கையை வெளியே எடுத்தேன். விசிறி சுழன்றது.

மின்பெட்டிக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், பண்ணையில் என்னோடு வேலை செய்யும் தங்கச்சியின் புருஷன் பியூஸ் இருந்த இடத்தில் செப்புக் கம்பியை முறுக்கி வைத்திருக்கிறான்.

"இறால் சாகப் பாக்குது மச்சான். நீ பூட்டி முடிச்சிருப்பாய் எண்டு நினைச்சன்."

"என்னட்டக் கேட்டியாடா?"

"கைக்கு ஒண்டும் இல்லத்தானே?"

கம்பியைக் கழற்றிவிட்டு மீதியைப் பூட்டினேன். பூட்டி முடிந்ததும் அவன் அதே கம்பியை மறுபடி முறுக்கி ஓடவிட்டான். முதலாளி வந்து, தண்ணீர் கசிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது சட்டையைக் கழற்றும்போது பை கனத்தது. கட்டைகள் இங்கே என் மேசையில் கிடக்கின்றன. அங்கே செப்புக் கம்பியில் பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது.