தேங்காய் எண்ணெயைத் துடைத்துவிடு

நீடாமங்கலம்
மார்கழி 18

என் செல்ல மகள் வானதிக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நல்லபடியாக இருக்கிறோம், நீ அந்தப் பனிமலையில் கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும். பத்து நாளாக உன் போன் கிடைக்கவில்லை, அனுப்பிய மெசேஜும் போய்ச் சேரவில்லை. போன் எடுக்காத முகாமுக்கும் தபால் வந்துவிடும் என்றார்கள், அதனால் எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் அனுப்பிய தேங்காய் எண்ணெயைத் துப்பாக்கியில் போட்டிருந்தால் இந்த நிமிஷமே துடைத்து எடுத்துவிடு கண்ணு.

போன மாசம் நீ, துப்பாக்கிக்குக் கொடுக்கிற எண்ணெய் தீரப்போகிறது, புது டப்பா வரத் தாமதமாகிறது என்றாய். நான்தான் பெரிய மேதாவி மாதிரி, என் தையல் மிஷினுக்கே தேங்காய் எண்ணெய்தானே விடுகிறேன், தலைக்கு அனுப்பியதில் நாலு சொட்டு விடு, பேராவூரணி மாமா செக்கில் ஆட்டியது, கலப்படமே கிடையாது என்றேன். நீயும் சிரித்துக்கொண்டே சரிம்மா என்றாய். போட்டாயா இல்லையா, அதுதான் தெரியவில்லை.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று இங்கே வங்கியில் காவலுக்கு நிற்கிறாரே மருதையன் அண்ணன், அவரிடம் முந்தாநாள் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் முகமே மாறிப்போச்சு. என்னம்மா இப்படிப் பண்ணிட்டே, குளிர்ல அது மெழுகா உறைஞ்சிடுமே, அவசரத்துக்கு இழுத்தா குண்டை உள்ளே தள்ளுற போல்ட்டு நகராதே என்று தலையில் அடித்துக்கொண்டார். ஐயோ, வருஷா வருஷம் மார்கழியில் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்குகிறவள் நான். இங்கேயே உறைகிறது, அங்கே என்ன ஆகும் என்று இந்த மரமண்டைக்கு ஏன் உறைக்கவில்லை? அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முதலில் குண்டுகளை எடுத்துவிட்டு, உள்ளே ஒன்றும் இல்லை என்று இரண்டு தடவை பார்க்கணுமாம். பழைய பிசுக்கை எடுக்க அங்கே கொடுக்கிற திரவத்தைத் தொட்டு பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்க்கணும், குழாய்க்குள் துணி கோத்த கயிற்றை விட்டு, துணி வெள்ளையாக வரும்வரை இழுக்கணும், கண்ட கம்பியை விட்டுக் குடையக் கூடாதாம். கடைசியில் குளிருக்கென்று உள்ள எண்ணெய், அதுவும் பட்டும் படாமல். உனக்குத் தெரியாததா, ஆனாலும் எழுதினால்தான் எனக்கு ஆறும். வெட்கப்பட்டு மறைக்காதே, ஆபீசர் திட்டினால் எங்கம்மா சொன்னாங்க என்று என் மேலேயே பழியைப் போடு.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சம்பா கதிர் முற்றி நிற்கிறது, மழை வந்துவிடுமோ என்று வானத்தையே பார்க்கிறார். டீக்கடையில் என் மக துப்பாக்கிக்கு நம்ம ஊரு எண்ணெய்தான் என்று வேறு பீற்றிக்கொள்கிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை. பொங்கலுக்குத் தைக்க வந்த ரவிக்கைத் துணியெல்லாம் அப்படியே கிடக்கிறது.

நீ வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, அந்தத் துப்பாக்கியைச் சுடுகிற வேளையே வரக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்வேன். எதிரே நிற்பதும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே. நேற்று கோயிலில் தெரிந்தேதான் மாற்றிக் கேட்டேன், சுட வேண்டி வந்தால் அது சுடட்டும், என் பிள்ளை கையில் நகராமல் இறுகிக்கொள்ள வேண்டாம் என்று. கேட்டுவிட்டு விபூதிகூட வாங்காமல் வந்துவிட்டேன்.

அம்மன் உன் பக்கத்திலேயே நிற்பாள், நூறு வயசு நல்லா இரு. காதை மூடாமல் வெளியே போகாதே. துடைத்ததும் ஒரு வரி எழுது. அதுவரை போனால் மறுபடியும் அதையேதான் கேட்பேன், கோயில் பக்கம் போக எனக்குத் தைரியமில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
அகிலாண்டம்