கப்பல் மாமன்

ராஜபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மாரிசெல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாத்திரை தவறாமல் போட்டுக்கொண்டு நலமாக இருக்கிறோம். ரீயூனியன் தீவில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி முனியம்மாவும் புயலுக்குத் தப்பிச் சுகமாக இருக்க ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாளிடம் சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து எல்லாம் தெளிவாகத் தெரிகிறதாம், அதனால் டி.வி.யில் செய்தி பார்ப்பதை நிறுத்திவிட்டார். பிளவக்கல் அணையில் இந்த வருஷம் தண்ணீர் நிற்கிறது, வத்திராயிருப்புப் பக்கம் ஜனங்கள் கொஞ்சம் சிரிக்கிறார்கள்.

உன் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். பேத்திக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும், கௌதம்ராஜ் கட்டாயம் வரவேண்டும் என்று உன் மாமியார் போனில் அனுப்பிய செய்தி பிரெஞ்சில் இருந்தது. நம் வீட்டில் பிரெஞ்சு படித்தவன் உன் அண்ணன் மகன் த்ரிஷாந்த் ஒருவன்தான். தமிழ் எடுத்தால் மார்க் குறையும் என்று பள்ளியில் அதை எடுத்திருக்கிறான். செத்த நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் இன்னொரு போனை எடுத்து அதன் கேமராவில் காட்டி, அந்தப் போனையே தமிழில் மாற்றிப் படிக்கச் சொன்னான். மார்க் மட்டும் குறைவில்லாமல் வருகிறது. உன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது உன் அண்ணன், ஒரு வணக்கம்கூடச் சொல்ல வரல, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போறாக, இவிய எந்த ஊருத் தமிழ் ஆளுக என்று பந்தியிலே கேட்டுச் சிரித்தது உனக்கு நினைவிருக்கும். பிரெஞ்சுக்காரன் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகக் கப்பலில் போனவர்களின் பேரைப் பாதிரியார் மாற்றினார், பாஷையைப் பள்ளிக்கூடம் மாற்றியது. மிஞ்சிய தீமிதியையும் மாமன் மடியையும் அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள், பிள்ளைக்கு முனியம்மா என்று பேரும் வைத்தார்கள். நம்மிடம் யாரும் எதையும் பிடுங்கவில்லை, அதனால் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியம் நமக்கு வரவில்லை.

கௌதம்ராஜ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அம்புட்டுத் தூரம் ஒரு காது குத்துறதுக்காம்மா, மில்லுல பேண்டேஜ் துணி ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு, ஒரு சேர்ல போனை நிமித்தி வச்சுப் புள்ளைய முன்னால உக்காரச் சொல்லு, நான் வீடியோ கால்ல வாரேன் என்றான். போன மாதம் மில் முதலாளிகள் சங்கத்து ஆட்களோடு பாங்காக் போனபோது இந்த ஆர்டர் எங்கே கிடந்ததோ. உன் மதினி ஜெயசித்ரா அதற்கு மேல், மதுரையில மிஷின் வச்சு ஒரே அமுக்குல குத்திவிடுதாக அத்தை, மடியே தேவையில்லை என்றாள். அவனுக்கு முதுகுவலி என்று நான்தான் உன் மாமியாருக்குப் பதில் அனுப்பினேன்.

அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் பொறுக்கவில்லை. உன் மாமியார் தன் பதிலில், எங்கள் பூட்டி கப்பல் ஏறியபோது கூடப் பிறந்தவன் யாரும் வரவில்லை, பக்கத்தில் படுத்து வாந்தியெடுத்துக்கொண்டு வந்த ஒருவனைத்தான் அண்ணன் என்று வைத்துக்கொண்டாள், அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு அவன் வம்சத்தில் மூத்தவர் மடிதான், ஊரிலிருந்து அசல் மாமன் இந்த முறைதான் கிடைத்தான் என்று சந்தோஷப்பட்டோம், பரவாயில்லை, முதுகைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். அந்த வம்சத்தில் இப்போதைய கப்பல் மாமன் பேர் அந்திரே, கரும்பு லாரி ஓட்டியவராம், தமிழில் ஒரு வார்த்தை தெரியாதாம், பிள்ளையை மடியில் வைக்கக் கவிச்சி தொடாமல் விரதம் இருக்கிறாராம். இதை உன் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். பாத்தியா, ஆள் இருக்குல்ல, இதுக்குப் போய் என்னைய இழுத்தியே என்றான். பொறவு வாசல் வரை போனவன் திரும்பி வந்து, போட்டோ அனுப்பச் சொல்லும்மா, ஸ்டேட்டஸ் வைக்கணும் என்றான்.

உன் ஆபீஸ் எட்வின் லீவு முடிந்து திரும்புகிறான், அவன் கையில் பால்கோவாவும் பேத்திக்குத் தோடும் கொடுத்துவிட்டிருக்கிறேன். பால்கோவாவை வந்த அன்றே தின்று தீருங்கள். காது குத்திய இடத்தில் தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடு, மறக்காதே. காதுகுத்து அன்றைக்குக் கௌதம்ராஜ் கட்டுவதற்கென்று நான் எடுத்து வைத்த வேட்டி துண்டும் அந்தப் பையில் இருக்கிறது. அது அந்திரேவுக்கு. கோயில் மைக்கில் தாய்மாமன் சீர் என்று சொல்லும்போது அவர் பேரைத்தான் சொல்லவேண்டும், உன் அண்ணன் பேர் ஒப்புக்குக்கூட வரக்கூடாது. ராஜபாளையத்தில் அவருக்கு ஒரு அம்மா இருக்கிறாள் என்று யாரையாவது வைத்துச் சொல்லச் சொல். அவர் என்னைவிட வயதில் மூத்தவராமே, இருக்கட்டும், மகன் இடம் இங்கே காலியாகத்தான் கிடக்கிறது.

பேத்தி காதும் உன் குடும்பமும் நன்றாக இருக்கட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
உன் அம்மா,
குருவம்மாள்.